மண்டபத்திலிருந்து கண்மாய்க் கரைக்கு: ஒரு கருத்தரங்கின் நிகழ்வு ஆய்வு

பின்னணி

மதுரையைச் சுற்றி குளம், நேரி, ஏந்தல், ஊருணி என்று முடியும் ஊர்ப் பெயர்கள் ஏராளம். தண்ணீரைத் தேக்கி வைத்துப் பிழைத்த நிலம் அது. தமிழ்நாடு முழுவதும் 39,000க்கு மேற்பட்ட ஏரி, கண்மாய்கள் உள்ளன. ஆயக்கட்டு, அதாவது பாசனம் பெறும் நிலம், 40 ஹெக்டேருக்குக் குறைவாக இருந்தால் அந்தக் கண்மாய் ஊராட்சி ஒன்றியத்தின் பொறுப்பு. அதற்கு மேற்பட்டவை நீர்வளத் துறையிடம் இருக்கும்.

இங்கே பேசப்படும் கண்மாய் நகர எல்லையை ஒட்டிய ஓர் ஊராட்சியில் இருக்கிறது. ஆயக்கட்டு 34 ஹெக்டேர், நீர்ப்பரப்பு 18 ஹெக்டேர், வயலுக்குத் தண்ணீர் திறக்கும் மடை இரண்டு, நிரம்பினால் உபரி வழிந்தோடும் மறுகால் ஒன்று. பெரியாறு கால்வாய்த் தண்ணீர் இதற்குக் கிடையாது. வானம் பார்த்த கண்மாய். வடகிழக்குப் பருவமழையில் மேட்டு நிலத்திலிருந்து வரத்துக்கால் என்ற வாய்க்கால் வழியாக வருவதுதான் வரவு. ஊர்க்காரர்கள் அதைச் சுருக்கமாகக் 'கால்' என்பார்கள். ஆயக்கட்டில் ஒரு பகுதி மனைகளாகிவிட்டது. மிச்சத்தில் நெல் போடுகிறார்கள்.

நிலைத்த வாழ்விடம், மனிதருக்கும் சுற்றுச்சூழலுக்கும் உள்ள உறவு ஆகியவை பற்றி இரண்டு நாள் கருத்தரங்கு ஒன்று ஜனவரிக் கடைசியில் நடந்தது. நகரமைப்பாளர்கள், கட்டடக் கலைஞர்கள், சிவில் பொறியாளர்கள், சூழலியலாளர்கள், சமூகவியலாளர்கள், அரசு அலுவலர்கள் மூவர் என 72 பேர் பதிவு செய்திருந்தனர். கண்மாயிலிருந்து 11 கிலோமீட்டர் தள்ளி, குளிரூட்டிய மண்டபம். தலா 15 நிமிடமாக 18 கட்டுரைகள், நாளுக்கு ஒன்பது. முதல் நாள் பிற்பகலில் இந்தக் கண்மாயை எடுத்துக்காட்டாக வைத்துச் சீரமைப்புத் திட்டம் வரையும் பயிலரங்கு. மாலை 4 மணிக்கு 40 நிமிடம் ஊர்மக்களோடு கலந்துரையாடல். இரண்டாம் நாள் முடிவில் வெளியிட வேண்டிய நான்கு பக்கப் பிரகடனம் கூட்டத்துக்கு ஒரு வாரம் முன்பே அச்சாகியிருந்தது. பின்னால் நடந்த எல்லாவற்றுக்கும் இந்தக் கடைசி விவரம் முக்கியம். முடிவு அச்சில் இருக்கும்போது கேள்விக்கு இடம் குறைவு.

முதல் நாள்: கவனித்தவை

ஊரிலிருந்து ஆறு விவசாயிகளும், கண்மாய்த் தண்ணீரை வயல்களுக்குத் திறந்துவிடும் நீர்பாய்ச்சியும் காலை 10 மணிக்கே வருவதாக இருந்தது. ஒருவரும் வரவில்லை. ஊருக்கு அன்றுதான் அறுவடை மெஷின் வந்திருந்தது. மணிக்கணக்கில் வாடகை, ஒரு வயலை முடித்து அடுத்த வயலுக்கு நகரும். தன் முறையை விட்டவருக்கு அது திரும்பி வர நாலைந்து நாள் ஆகலாம், அதற்குள் ஒரு மழை பெய்தால் கதிர் சாய்ந்துவிடும். தை மாத நடுவில், அறுவடை நேரத்தில், விவசாயியை மண்டபத்துக்கு அழைத்த பிழை இது. அவர்களுக்கு அக்கறை இல்லை என்று மதிய உணவின்போது சிலர் பேசிக்கொண்டது தவறு.

பயிலரங்கில் கொடுத்த அடிப்படை வரைபடம் செயற்கைக்கோள் படத்தின் மேல் வரைந்தது. மே மாதத்துப் படம். வரத்துக்கால் முழுவதும் சீமைக்கருவேலம் மூடியிருந்ததால் மேலிருந்து பார்த்தால் பச்சைத் திட்டுதான் தெரியும். வரைந்தவர்கள் பக்கத்தில் பளிச்சென்று தெரிந்த சாலையோர வடிகாலை வரத்துக்கால் என்று குறித்துவிட்டார்கள். நில எல்லைகளைக் காட்டும் கிராமப் புலப்படத்தையும், சர்வே எண்வாரியாக நில விவரம் தரும் அ-பதிவேட்டையும் யாரும் எடுத்துப் பார்த்திருக்கவில்லை. இரண்டும் இணையத்திலேயே கிடைப்பவை. வாய்க்கால் புறம்போக்கு என்று எந்தச் சர்வே எண்ணில் பதிவாகியிருக்கிறது என்று பத்து நிமிடத்தில் தெரிந்திருக்கும்.

தவறான வரத்துக்காலை வைத்துக்கொண்டு நான்கு குழுக்களும் ஏறத்தாழ ஒரே முடிவுக்கு வந்தன: கண்மாய் தூர்ந்துவிட்டது, அரை மீட்டர் தூர்வார வேண்டும். 18 ஹெக்டேரில் அரை மீட்டர் என்றால் 90,000 கன மீட்டர். மூன்று யூனிட் டிப்பர் ஒன்று 300 கன அடி, அதாவது சுமார் 8.5 கன மீட்டர் கொள்ளும். ஏறக்குறைய 10,600 லோடு. நாளுக்கு 60 லோடு ஓடினாலும் 176 நாள். தோண்டிய மண் உப்பும் என்பதால் உண்மையில் இதற்கும் மேல். அவ்வளவு மண்ணும் எங்கே போகும் என்று எந்தக் குழுவும் எழுதவில்லை. மடையின் அடிமட்டத்துக்குக் கீழே தோண்டினால் அங்கே நிற்கும் தண்ணீர் தானாக வயலுக்குப் பாயாது என்பதையும் குறிக்கவில்லை. அப்படிப்பட்ட ஆழம் மாட்டுக்கும் மீனுக்கும் நிலத்தடி நீருக்கும் உதவும், பாசனத்துக்கு உதவாது. களிமண் படுகையைத் தாண்டிச் சரளையைத் தொட்டுவிட்டால் தேங்குவதும் கசிந்து போகும்.

நாலே காலுக்கு நீர்பாய்ச்சியும் இரண்டு விவசாயிகளும் வந்து சேர்ந்தார்கள். மேடையில் ஏற்றிப் பொன்னாடை போர்த்திப் படம் எடுத்து முடிக்கவே 12 நிமிடம் ஆனது. பிறகு குழுக்கள் தங்கள் திட்டத்தை ஆங்கில ஸ்லைடுகளோடு விளக்கின. மூன்று பேரும் சேர்ந்து பேசியது மொத்தம் ஆறு நிமிடம் என்று குறிப்பாளரின் ஏட்டில் இருக்கிறது. அந்த ஆறு நிமிடத்தில், திரையில் இருந்த வரைபடத்தைப் பார்த்து நீர்பாய்ச்சி சொன்னது இது:

"தூர் எடுக்கிறதெல்லாம் இருக்கட்டும் தம்பி. தண்ணி வந்தாத்தானே தேக்குறதுக்கு? நீங்க கோடு போட்டிருக்கிறது ரோட்டுச் சாக்கடை. நம்ம கால் கிழக்க போகுது."

ஒருங்கிணைப்பாளர் நன்றி சொல்லிவிட்டு அடுத்த குழுவை அழைத்தார். நேரம் அவ்வளவுதான் இருந்தது.

அன்றிரவு எடுத்த முடிவுகளும் காரணங்களும்

ஐந்து அமைப்பாளர்கள் இரவு இரண்டு மணி நேரம் உட்கார்ந்து பேசினர். நிகழ்ச்சியை அப்படியே முடித்துவிட்டு, களத்தை இன்னொரு மாதம் தனியாகப் பார்ப்போம் என்று இருவர் சொன்னார்கள். நிதிக் கணக்குக்கும் பங்கேற்பாளர்களுக்குத் தந்த வாக்குக்கும் அதுதான் பாதுகாப்பு. மற்ற மூவரின் வாதம் வேறு: வரத்துக்காலே தவறு என்று தெரிந்த பிறகு அந்தத் திட்டத்தின் மேல் பிரகடனம் வெளியிட்டால், அதைக் கையில் வைத்துக்கொண்டு யாராவது தூர்வாரும் ஒப்பந்தம் கேட்கக்கூடும். வரத்து இல்லாத கண்மாயில் தூர்வாரினால் மண் போகும், தண்ணீர் வராது. இந்த வாதமே நின்றது.

இரண்டாம் நாள் காலை அமர்வு கண்மாய்க் கரையில், 6.30 மணிக்கு. பனி காயும்வரை அறுவடை மெஷின் வயலில் இறங்காது. அதனால் ஒன்பது மணிவரை ஊர்க்காரர்களுக்கு ஓய்வு உண்டு. இந்த நேரத்தைச் சொன்னது நீர்பாய்ச்சிதான்.

இரண்டாம் நாளுக்குரிய ஒன்பது கட்டுரைகளும் மாலைக்குத் தள்ளப்பட்டு, வாசிப்பு ஏழு நிமிடமாகச் சுருக்கப்பட்டது. பேச்சுமொழி தமிழ் மட்டும். தமிழ் தெரியாத ஐந்து பேருக்கு இரண்டு பேர் அருகில் நின்று மெல்லச் சொல்வது என்று ஏற்பாடு. ஒலிபெருக்கி கிடையாது. பன்னிரண்டு பேருக்கு ஒரு குழு, ஒவ்வொன்றுக்கும் ஒரு குறிப்பாளர். அவர் எழுதியதை எழுதிய சொல்லிலேயே பேசியவருக்குத் திரும்பப் படித்துக் காட்ட வேண்டும். மொழிபெயர்த்து எழுதும்போது 'கால்', 'கலுங்கு', 'உள்வாய்' எல்லாம் ஒரே ஆங்கிலச் சொல்லாகிவிடுவதை முதல் நாள் குறிப்பேட்டிலேயே பார்க்க முடிந்தது. அதற்காகத்தான் இந்த விதி.

நீர்பாய்ச்சிக்கும் உடன் வரும் நால்வருக்கும் பேச்சாளர்களுக்குரிய அதே மதிப்பூதியம். இதில்தான் இழுபறி அதிகம். கணக்கில் அதற்குத் தலைப்பு இல்லை என்றார் பொருளாளர். கடைசியில் களப்பயிற்சிச் செலவில் சேர்த்தார்கள். நீர்பாய்ச்சிக்கு ஆயக்கட்டுக்காரர்கள் அறுவடைக் களத்தில் நெல்லாக அளப்பது வழக்கம். ஆயக்கட்டு சுருங்கச் சுருங்க அந்த நெல்லும் சுருங்குகிறது. அவருடைய அறிவை இலவசமாகக் கேட்பதற்கு நியாயம் இல்லை.

இரண்டாம் நாள்: கரையிலும் வரத்துக்காலிலும்

பேருந்து கரைப்பாதையில் ஏறவில்லை. கோயிலருகே நிறுத்திவிட்டு 700 மீட்டர் நடந்தார்கள். 72 பேரில் 51 பேர் வந்திருந்தனர். ஊரிலிருந்து 23 பேர், அதில் ஒன்பது பெண்கள்.

நடை கண்மாய் வாயிலிருந்து தொடங்கி, வரத்துக்கால் வழியே தண்ணீர் வரும் திசைக்கு எதிராக 1.4 கிலோமீட்டர். மேலிருந்து கீழே நடந்தால் கண்ணில் படுகிற ஒவ்வொரு குப்பையும் ஆக்கிரமிப்பும் பட்டியலில் ஏறும். கண்மாயிலிருந்து மேலே நடந்தால் 'இந்த இடம் வரை தண்ணீர் வந்த தடம் இருக்கிறதா' என்ற ஒரே கேள்வி போதும். வண்டல் படிவு, வேரில் சிக்கிய சருகு, கரையில் நீர்மட்டக் கோடு ஆகியவை தடயம். முதல் 900 மீட்டரில் அந்த ஆண்டு தண்ணீர் ஓடிய தடமே இல்லை. கால் வறண்டு, அடியில் புல் முளைத்துக் கிடந்தது. புதிய மனைப்பிரிவின் சாலை காலைக் கடக்கும் இடத்தில் 600 மில்லிமீட்டர் குழாய் ஒன்று போட்டுச் சிறு பாலம். அதற்கு மேற்புறம் மணல் குவிந்திருந்தது.

நூறு நாள் வேலையில் இந்தக் காலை வெட்டிய பெண்கள் நால்வர் நடையில் இருந்தார்கள். பாலத்துக்கு மேலே எத்தனை முறை வெட்டினாலும் ஒரே மழையில் மூடிவிடுகிறது என்றார்கள். இதுவரை யாரும் காரணம் கேட்டதில்லை; ஒவ்வொரு முறையும் அளந்து கூலிதான் போட்டார்கள். அவர்கள் காட்டிய இடத்தில், குழாய் வாயிலிருந்து ஐந்து மீட்டர் மேலே, மண்வெட்டியால் குழி எடுத்தார்கள். மேலே 30 சென்டிமீட்டருக்கு மேல் பொலபொலத்த மணல், இடையிடையே பிளாஸ்டிக் கவர். அதன் கீழே கறுத்து இறுகிய பழைய களிப்படுகை. மணலின் அடிப்பகுதியில் ஒரு பிஸ்கட் உறை கிடந்தது. அதில் அச்சான பொட்டலத் தேதி முந்தைய செப்டம்பர். அதாவது அந்த மணல் முழுவதும் ஒரே பருவமழையில் வந்து படிந்தது. பெண்கள் சொன்னதற்கு மண்ணே சான்று.

அடுத்து மட்டம் பார்த்தார்கள். கருவி, 20 மீட்டர் ஒளிபுகும் டியூபும் இரண்டு அளவுகோலும். வாளியிலிருந்து உறிஞ்சுமுறையில் டியூபை நிரப்பி, இரண்டு முனையையும் ஒன்றாகப் பிடித்து நீர்மட்டம் சமமா என்று முதலில் சரிபார்க்க வேண்டும். பிறகு ஒரு முனை பழைய படுகையின் மேல் நிறுத்திய கோலோடும், மறுமுனை குழாயின் உட்புற அடியில் நிறுத்திய கோலோடும். இரண்டு முனையும் திறந்திருக்க வேண்டும். விரலால் மூடியபடி நகர்த்திவிட்டு, படிக்கும்போது திறக்க மறப்பதுதான் வழக்கமான பிழை. முதல் அளவு 42 சென்டிமீட்டர் என்று வந்தது. வெயிலில் கிடந்த பகுதியில் காற்றுக்குமிழ் நின்றிருந்ததை ஓர் இளைஞர் கண்டுபிடித்தார். டியூபைத் தட்டிக் குமிழை வெளியேற்றிவிட்டு மறுபடி பார்த்தபோது 34. முனைகளை இடம் மாற்றிப் பார்த்தபோது 35. ஒரு சென்டிமீட்டர் வித்தியாசம் இந்த வேலைக்குப் போதுமான துல்லியம்.

ஆகக் குழாய் பழைய படுகையைவிட ஒரு சாண் உயரத்துக்கும் மேலே உட்கார்ந்திருக்கிறது. சிறு மழையில் வரும் தண்ணீர் அந்த உயரத்தைத் தாண்டாமல் தேங்கும். வேகம் குறைந்ததும் மணல் கீழே படியும். பெருமழையில் தண்ணீர் மனைப்பிரிவின் தெருவுக்குள் புகும். அங்கே குடியிருப்பவர்கள் வேறு வழியில்லாமல் காலின் கரையை வெட்டிச் சாலையோர வடிகாலில் விட்டிருக்கிறார்கள். முதல் நாள் வரைபடத்தில் வரத்துக்கால் என்று தவறாகக் குறித்தார்களே, அதே வடிகால்தான். கண்மாய்க்கு வர வேண்டிய தண்ணீர் அதில் ஓடிக்கொண்டிருந்தது. வேடிக்கை பார்க்க வந்த மனைப்பிரிவுக்காரர் இருவர், குழாயை இறக்கினால் தங்கள் தெருவிலும் தண்ணீர் நிற்காது என்று புரிந்ததும் அளப்பதில் கை கொடுத்தார்கள். விவசாயிக்கும் வீட்டுக்காரருக்கும் பகை என்று முதல் நாள் இரண்டு கட்டுரைகளில் வந்த சித்திரம் இந்தப் பாலத்தருகே பொருந்தவில்லை.

கரைக்குத் திரும்பித் தரையில் வரைபடம் போட்டார்கள். கோலமாவு கரைக்காற்றில் பறந்துவிட்டது. செங்கல் பொடியும் ஈரமணலும் நின்றன. வேப்பங்குச்சி மரத்துக்கு, சரளைக் கல் வீட்டுக்கு. ஆண்கள் குழு மடையும் மறுகாலும் போட்டது. பெண்கள் குழு துணி துவைக்கும் படித்துறை, ஆடு மாடு இறங்கும் சரிவு, கரம்பை மண் எடுக்கும் இடம் ஆகியவற்றைப் போட்டது. மீன் குத்தகை எடுத்தவர் மே மாதம் வரை மடை அடைத்திருக்க வேண்டும் என்றார், ஆயக்கட்டுக்காரர்கள் முடியாது என்றார்கள். அது அன்று தீரவில்லை. கண்மாயின் உட்பகுதியான உள்வாயில் உள்ள நாட்டுக்கருவேல மரங்களில் கொக்கும் நாரையும் கூடு கட்டியிருந்ததைச் சூழலியலாளர்கள் காட்டினார்கள். சீமைக்கருவேலத்தை அகற்றும்போது இவற்றைத் தொடக்கூடாது, அகற்றுவதும் குஞ்சுகள் பறந்த பிறகே என்று இரு தரப்பும் ஒப்புக்கொண்டன.

பின்னர் நடந்தது

அச்சடித்த பிரகடனம் வெளியிடப்படவில்லை. பதிலாக அன்று மாலையே இரண்டு பக்கத் தமிழ்த் தாள் தயாரானது. அதில் திருத்திய வரைபடம், மட்ட அளவுகள், வாய்க்கால் புறம்போக்குச் சர்வே எண்கள், ஐந்து கோரிக்கைகள், ஒவ்வொன்றுக்கும் எந்த அலுவலகம் பொறுப்பு என்ற குறிப்பு. கோயில் மண்டபத்தில் உரக்கப் படித்தபோது இரண்டு இடப்பெயர்களை ஊர்க்காரர்கள் திருத்தினார்கள்.

உலகத் தண்ணீர் தினமான மார்ச் 22 அன்று நடக்கும் கிராம சபையில் அந்தத் தாளை வைத்துத் தீர்மானம் நிறைவேறியது. ஒன்றியப் பொறியாளர் வந்து தம் கருவியில் மட்டம் பார்த்து அளவை உறுதி செய்தார். ஆகஸ்டில் பழைய குழாயை எடுத்துவிட்டு, 900 மில்லிமீட்டர் குழாய்கள் இரண்டைப் பழைய படுகை மட்டத்திலேயே பதித்தார்கள். அக்டோபரில் முதல் நல்ல மழையன்று இரவே தண்ணீர் பாலத்தைக் கடந்தது. டிசம்பர் முடிவில் கண்மாய் பாதியளவு நிரம்பியிருந்தது. முந்தைய ஆண்டு மடையருகே முழங்கால் அளவுகூட இல்லை. மழையும் அந்த ஆண்டு கூடுதல் என்பதால் முழுவதையும் பாலத்தின் கணக்கில் எழுத முடியாது. மறுகால் பாயவில்லை.

மனைப்பிரிவுக்குள் சுமார் 120 மீட்டர் நீளத்தில் காலின் அகலத்தைக் குறுக்கும் சுற்றுச்சுவர் அப்படியே இருக்கிறது. 1905ஆம் ஆண்டு நில ஆக்கிரமிப்புச் சட்டப்படி நோட்டீஸ் தரப்பட்டது; சுவருக்குரியவர்கள் மறு அளவைக்கு மனு போட்டிருக்கிறார்கள்.

கருத்தரங்கின் பக்கத்தில் இழப்பும் உண்டு. கட்டுரை நேரம் குறைக்கப்பட்டவர்களில் நால்வர் எழுத்தில் ஆட்சேபம் தெரிவித்தனர். கல்லூரி ஆசிரியர்களுக்குக் கட்டுரை வாசித்த சான்றிதழ் பணி உயர்வுக் கணக்கில் சேரும். முன்னறிவிப்பு இல்லாமல் ஏழு நிமிடமாகச் சுருக்கியது அவர்களுக்குச் செய்த அநியாயம். களம் சரியாக அமைந்தது என்பதால் அந்த மனக்குறை தவறாகிவிடாது.

மாற்ற வேண்டியவை

பருவத்தை முதலில் பார்க்க வேண்டும். தை அறுவடை முடிந்து, கால் வறண்டு, நடக்க வசதியான மாசி, பங்குனி இத்தகைய கூட்டத்துக்கு ஏற்றது. முடிந்தால் ஐப்பசி மழையில் ஐந்து பேர் மட்டும் ஒருமுறை வந்து தண்ணீர் ஓடும்போது காலைப் பார்த்திருக்க வேண்டும். வறண்ட காலில் ஊகிக்க வேண்டிய பாதியை ஓடும் தண்ணீர் நேரில் காட்டிவிடும்.

கள நடை முதல் நாள் காலையிலேயே வர வேண்டும், கட்டுரைகள் அதற்குப் பிறகு. கட்டுரை எண்ணிக்கையைப் பத்துக்கு மேல் ஏற்காமல், அதை அழைப்பிதழிலேயே சொல்லிவிட்டால் யாரும் புண்பட வேண்டியதில்லை. புலப்படமும் அ-பதிவேடும் பதிவுக் கோப்போடு எல்லோர் கையிலும் போக வேண்டும். உள்ளூர் அறிஞர்களுக்கான மதிப்பூதியத்துக்கு நிதி முன்மொழிவிலேயே தனித் தலைப்பு வேண்டும். பிரகடனத்தை முன்கூட்டி எழுதக் கூடாது.

பதிவில் இரண்டு குறைகள். தரை வரைபடத்தை ஒன்பதரை மணிக்கு மேல் ஒரே பக்கத்திலிருந்து படம் எடுத்ததில் வெயில் பளபளப்பில் கிழக்குப் பகுதி தெரியவில்லை. குழுக்களில் ஒன்றுதான் தாளில் நகல் எடுத்திருந்தது. இனி கலைக்கும் முன் நான்கு பக்கமும் படம் எடுத்து, தாளில் நகல் போட்டு, வரைந்தவரிடம் காட்டிச் சரிபார்க்க வேண்டும். இரண்டாவது குறை இன்னும் பெரியது. பெண்கள் குழுவின் குறிப்பாளர் ஓர் ஆண். படித்துறையும் மாடு இறங்கும் சரிவும் அவர் குறிப்பில் இருந்தும் இரண்டு பக்கத் தாளில் ஏறவில்லை. கோரிக்கைப் பட்டியலிலும் இல்லை. வாசித்துக் காட்டியபோது அந்தப் பெண்களில் இருவரே மண்டபத்தில் இருந்தார்கள், மற்றவர்கள் சமையலுக்குப் போயிருந்தார்கள். மறு ஆண்டு கரையைப் பலப்படுத்தியபோது மாடு இறங்கும் சரிவை மண் போட்டு மேடாக்கிவிட்டார்கள். அதைத் திரும்ப வெட்டித் தரச் சொல்லி ஊராட்சியில் மனு கொடுத்திருக்கிறார்கள்.